ரெண்டும் ஒரே படம்

ஏனுங்க, சித்த இந்தப் போனைப் பாத்துச் சொல்றீங்களா? அவசரமில்லைங்க, கண்ணாடியப் போட்டுக்கிட்டே பாருங்க. வண்டி எடுக்க இன்னும் அரை மணி நேரம் கெடக்குது. மேல ஒரு படம், கீழ ஒரு படம். வாசல்ல வாழமரம் கட்டியிருக்குது, பந்தக்கால்ல பூவு சுத்தியிருக்குது. ரெண்டும் ஒரே படமா, வேற வேறயா?

வேறயா.

நல்லாப் பாத்துட்டீங்களா? கீழ இருக்கறது எப்பிடித் தெரியுது உங்களுக்கு? காஞ்ச சருகாட்ட. ம். அப்பிடித்தான் எல்லாரும் சொல்றாங்க. குடுங்க போனை.  

நான்தானுங்க இந்த வண்டிக்கு டிரைவர். பேரு சென்னியப்பன். உங்ககிட்ட எதுக்குக் கேட்டேன்னா, நீங்க வெளியூரு, பேச்சுலயே தெரிஞ்சு போச்சு. காங்கேயத்துல இறங்கிட்டா என்னை நீங்களும் பாக்கப் போறதில்ல, உங்களை நானும் பாக்கப் போறதில்ல. எங்க கண்டக்டரு ரங்கன்கிட்டக் கேட்டேன்னு வைங்க, பொழுது சாயறதுக்குள்ள தாராபுரம் ஸ்டாண்டு முச்சூடும் தெரிஞ்சிரும். ரங்கன் கெட்டவன் இல்ல, வாயிதான் நிக்காது.

எனக்கு அந்த ரெண்டும் ஒரே படமுங்க.

பொய் சொல்லல. என்ற கண்ணுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் தெரியல. பச்சையும் செவப்பும் எனக்குப் புடிபடாது. அதுக்கு நிறக்குருடுன்னு பேரு வெச்சிருக்கறாங்க. குருடெல்லாம் இல்லீங்க, கண்ணு நல்லாத் தெரியும். ரெண்டு பர்லாங்குக்கு முன்னால நாயி குறுக்க வந்தாத் தெரியும். மழை ஊத்தினாலும் ரோடு தெரியும். இருபத்திரெண்டு வருசம் ஓட்டியிருக்கறேன், ஒரு கோழிகூட என்ற வண்டியில அடிபட்டதில்ல. பொங்கலுக்கு முதலாளி மேடையில ஏத்தி சால்வை போத்தினாரு. என்ன கலர் சால்வைன்னு மட்டும் கேக்காதீங்க.

சிக்னலு எப்பிடின்னு கேக்கறீங்க. அது சுளுவுங்க. மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சாப் போ. முன்னால போற வண்டி நின்னா நானும் நிப்பேன், நவுந்தா நவுருவேன். எல்லாரும் அப்பிடித்தான் ஓட்டறாங்கன்னு ரொம்ப நாளைக்கு நெனச்சுக்கிட்டிருந்தேன். கலருங்கறது வெறும் பேருதான், மத்தவங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, எனக்குக் கம்மி, அவ்வளவுதான்னு நெனப்பு. லைசென்ஸ் எடுக்கையில டாக்டரு மூஞ்சியப் பாத்தாரு, கையெழுத்துப் போட்டாரு. அப்பறம் யாரு கேக்கப் போறாங்க.

சின்னதுல அடி வாங்கியிருக்கறேன். எங்கப்பன் மிளகாத் தோட்டத்துல பழம் பொறுக்க உடுவாரு. நான் காயும் பழமும் ஒண்ணாப் பறிச்சுக் கூடையில போட்டுருவேன். வெளையாட்டுப் புத்தின்னு வெளாறுக் குச்சியில அடி. எங்கக்கா பாப்பாத்தி இருக்கறாளே, என்னையவிட ஆறு வயசு மூத்தவ, அவ அப்பறம் எனக்கு உட்ட வரிசையையும் சேத்து அவளே பொறுக்கி, என்ற கூடையில கொண்டாந்து கொட்டிருவா. ஒரு நாளு ரெண்டு நாளில்ல, அஞ்சாறு வருசம். எதுக்கு அப்பிடிச் செஞ்சாளோ. தம்பின்னா அவளுக்கு உசுரு, அதான்.

அந்த அக்கா மேலதான் இன்னைக்கு எனக்குக் கோவம். சொல்றேன் இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

அக்காளுக்கு ஒரே மக, பிரதீபா. கோயமுத்தூருல கண்ணுப் படிப்பு படிக்கறா. டாக்டருக்கு இல்லீங்க, கண்ணை டெஸ்ட் பண்ணிக் கண்ணாடி எழுதிக் குடுப்பாங்களே, அந்தப் படிப்பு. நான் தாய்மாமன். அவ பெரியவளானப்ப சீரு வெக்கோணும்ல, பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்துட்டு வாடான்னு அக்கா சொல்லியுட்டா. நானே கடைக்குப் போயி, நானே பொறுக்கி எடுத்து, தட்டுல வெச்சு மேளத்தோட கொண்டு போனேன். தட்டைத் தொறந்தாப் பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. காப்பிக்கொட்டைக் கலருன்னாங்க. கடைக்காரன் மாத்தி வெச்சுட்டான். அந்தக் கடையில இன்னைக்கு வரைக்கும் நான் காலு வெக்கறதில்ல. ஆனா அந்தப் புள்ள அதையேதான் கட்டிக்கிட்டு உக்காந்துச்சு. மாமன் எடுத்தது, மாத்த மாட்டேன்னுட்டா.

ஏறுங்கம்மா, ஏறுங்க. காங்கேயம்தான். கொழந்தையக் குடுத்துட்டு ஏறுங்க, படி ஒசரம். பின்னால எடம் கெடக்குது.

சித்த பக்கத்துல வாங்க, மெதுவாச் சொல்றேன்.

ஆவணியில எங்க பங்காளி வீட்டுல காதுகுத்து. பிரதீபா லீவுல வந்திருந்தா. கையில போனை வெச்சுக்கிட்டு, அவ காலேசுல அவளும் கூட்டாளிகளும் சேந்து செஞ்ச ஒண்ணை எல்லாருக்கும் காட்டறா. படம் புடிச்சு ஒரு பட்டனை அமுத்தினா, நிறக்குருடு இருக்கறவனுக்கு அந்தப் படம் எப்பிடித் தெரியும்னு கீழ காட்டுது. இப்ப நீங்க பாத்தீங்களே, அந்தப் பந்தல் வாழமரம், பூவு, எலையில வெச்ச தக்காளி, மாமன் வீட்டுப் பொம்பளைங்க கட்டின பட்டுச்சேலை, எல்லாத்தையும் புடிச்சுக் காட்டறா. சுத்தி நின்ன சனம் உச்சுக் கொட்டுது. ஒருத்தி, 'ஆத்தா, தக்காளி சாணியாட்டத் தெரியுது'ங்கறா. எங்க பெரியம்மா மவன் ராக்கியண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? 'அட கெரகமே, இப்பிடித்தான் தெரியும்னா கண்ணு இருந்து என்ன புண்ணியம், இதுக்குச் சும்மாவே இருக்கலாம்'னாரு.

நான் அவரு பக்கத்துல காப்பி டம்ளரோட நிக்கறேன். நானும் எட்டிப் பாத்தேன். நல்ல படமுங்க. வாழமரம் அழகா இருக்குது, பூவு அழகா இருக்குது. மேல பாத்தேன், கீழ பாத்தேன், மறுக்கா மேல பாத்தேன். எதுக்கு இவங்க உச்சுக் கொட்டறாங்கன்னு தெரியல. அப்பத்தான் புரிஞ்சுது பாருங்க. இவங்க எல்லாரும் என்னமோ ஒண்ணைப் பாக்கறாங்க. அது என்ற முன்னாலதான் இருக்குது. எனக்குத் தெரியல. பேயி இருக்கற வீட்டுல எல்லாருக்கும் பேயி தெரிஞ்சு ஒருத்தனுக்கு மட்டும் தெரியலைன்னா எப்பிடி இருக்கும்? அப்பிடி இருந்துச்சு.

பயத்துல ஆளு என்ன பண்ணுவான், கூட்டத்தோட கூட்டமாச் சேந்துக்குவான். அந்தப் புள்ள என்றபக்கம் போனை நீட்டி, 'மாமா, இதப் பாருங்க'ன்னா. 'அடேயப்பா, எம்புட்டு வித்தியாசம். மேல பளபளன்னு இருக்குது, கீழ அப்பிடியே செத்துப் போச்சு'ன்னு சத்தமாச் சொன்னேன். பக்கத்துல இருந்த பொடுசு ஒண்ணு, 'ரெண்டும் ஒண்ணாத்தான இருக்குது'ன்னுச்சு. எல்லாரும் குனிஞ்சு பாத்துட்டுச் சிரிச்சாங்க. பிரதீபா அந்தப் படத்துக்குப் பட்டனை அமுத்தவே மறந்துட்டாளாம். ரெண்டும் அசலு. 'டிரைவருக்கு எப்பவும் தமாசுதான்'னாரு ராக்கியண்ணன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவ மட்டும் சிரிக்கலைங்க.

சோறு தின்னுட்டுக் கை கழுவப் போனேன், பின்னாலயே வந்துட்டா. 'மாமா, இதுல எது அசலு சொல்லுங்க'ன்னு இன்னொரு படத்தை நீட்டறா. மேல இருக்கறதைக் காட்டினேன். சரின்னும் சொல்லல, தப்புன்னும் சொல்லல. சும்மா பாத்துக்கிட்டே நின்னா.  ஒரு சமாளிப்புக்கு, 'ஏன் அம்மிணி, என்ற கண்ணை ஊருக்கெல்லாம் காட்டறயே, உங்க கண்ணை எனக்குக் காட்டறதுக்கு ஒரு பட்டன் இல்லையா'ன்னு கேட்டேன். என்ற வாயாலயே உண்மையச் சொல்லிட்டேன்னு அப்பறந்தான் உறைச்சுது.

அவ குனிஞ்சுக்கிட்டா. 'இல்லீங்க மாமா. எங்க பக்கமிருந்து உங்க பக்கம் வர முடியும். அங்கிருந்து இங்க வர வழியில்ல'ன்னா.

எங்க வீட்டுக்காரி சரசுக்குக்கூட இது தெரியாதுங்க. கட்டிக்கிட்டு இருபத்தஞ்சு வருசமாச்சு.

சரி, இதோட போயிருந்தாக் கவலையில்ல. போன மாசம் முதலாளியோட பையன் வந்தான். படிச்ச பையன். இன்சூரன்சுக்காரன் கேக்கறான், எல்லா டிரைவருக்கும் கண்ணு டெஸ்ட்டுன்னுட்டான். கண்ணாடிக்கு இல்ல, கலருக்கு. புள்ளிப் புள்ளியாப் போட்ட புஸ்தகத்தைக் காட்டி நம்பரு கேப்பாங்களாம். மொத பக்கம் பன்னெண்டு, அது எனக்கே தெரியுமாம். அதுக்கப்பறம் இருக்கறதெல்லாம் எனக்கு வெறும் கூழாங்கல்லு. டெஸ்ட்டு என்னைக்குன்னு கேக்கறீங்களா? நாளைக்குங்க. வெள்ளிக்கெழமை, பத்து மணிக்கு.

எனக்கு ஐம்பத்திமூணு வயசு. ஸ்டேரிங்கைத் தவிர ஒண்ணும் புடிச்சதில்ல. பஸ்ஸுல இருந்து இறக்கி உட்டுட்டா நான் யாருங்க? ஸ்டாண்டுல எல்லாரும், சென்னியப்பண்ணன் வந்தாச்சா, வண்டிய எடுக்கலாம்ங்கறாங்க. அதைக் கேட்டே பழகிருச்சு.

நேரா கோயமுத்தூரு போயிட்டேன், பிரதீபா ஆஸ்டலுக்கு. 'அம்மிணி, அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்கும்ல, பக்கத்துக்கு என்ன நம்பருன்னு எழுதிக் குடு, மாமன் மனப்பாடம் பண்ணிக்கறேன்'னேன். அவ யோசிச்சா. 'எழுதித் தர்றேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு தடவை உங்க வண்டியில முன்னால உக்காந்து வர்றேன்'னா. எனக்குச் சந்தோசம். மாமன் ஓட்டறதைப் பாத்தாப் புள்ளைக்குத் தெரிஞ்சிரும், இவனுக்கு ஒரு கொறையுமில்லன்னு. சொல்லிப் பாத்தேன், 'இது வெளிய தெரிஞ்சா நம்ம வகையில இப்பிடி ஒரு சங்கதி இருக்குதுன்னு உனக்கு மாப்பிள்ளை வர மாட்டான் கண்ணு'ன்னு. உண்மைதானுங்களே, இது பொம்பளைப் புள்ளைங்க வழியா பேரனுக்கு எறங்குமாம், அவளே சொன்னா. அதுக்கு அவ, 'அதை நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க வண்டியப் பாருங்க'ன்னுட்டா.

போன ஞாயித்துக்கெழமை காத்தால, இதே வண்டி. அந்தா பேனட்டு மேல உக்காந்தா. போனைக் கண்ணாடிக்கு நேரா ஒரு கம்பியில மாட்டிக்கிட்டா. அது பாட்டுக்கு ரோட்டைப் படம் புடிச்சுக்கிட்டே வருது. நான் சும்மா நூலு புடிச்சாப்பல ஓட்டினேன். காங்கேயம் சிக்னல்ல கோட்டுக்கு முன்னால சாணு எடம் உட்டு நிறுத்தினேன். 'பாத்தயா'ன்னேன். தலையாட்டினா. மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. வெயிலு, பேனட்டுச் சூடு, புள்ளைக்கு ஒத்துக்கலன்னு நெனச்சேன். இறங்கினதும் ஸ்டாண்டுத் தொட்டிக்கிட்டப் போயி வாந்தி எடுத்தா. சோடா வாங்கிக் குடுத்தேன்.

மத்தியானம் அக்கா வீட்டுல அந்தப் படத்தைப் போட்டா. அக்கா சமையக்கட்டுல இருந்தா. படம் ரெண்டு பாதி. இந்தப் பாதி அவங்க கண்ணு, அந்தப் பாதி என்ற கண்ணு. எனக்கு ரெண்டு பாதியும் ஒண்ணுதான், அதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியதில்ல. ஊதியூரு தாண்டி ஒரு வளைவு வருமுங்க, எடதுபக்கம் பூரா வேலிமுள்ளு மண்டிக் கெடக்கும். அங்க நிறுத்தினா.

'இங்க என்ன தெரியுது மாமா?'

'வேலி.'

'இந்த எடத்துல?'

'அதுவும் வேலிதான் கண்ணு.'

'சரி, இப்பப் பாருங்க'ன்னு மெதுவா ஓட உட்டா.

வேலியில ஒரு துண்டு எந்திரிச்சுதுங்க. எந்திரிச்சுக் கைய வீசுது. வீசிக்கிட்டே பின்னால போகுது, போயி குழிக்குள்ள குதிக்குது. வண்டி அந்த எடத்தைத் தாண்டுது. டக்குன்னு ஒரு சத்தம்.

ஆளுங்க அது. ரோட்டு வேலைக்காரன். செவப்புத் துணி போட்டு, செவப்புக் கொடிய ரெண்டு கையாலயும் புடிச்சு நிறுத்து நிறுத்துன்னு வீசியிருக்கறான். 'எங்க பக்கத்துல பாத்தாக் கண்ணைக் குத்துது மாமா. உங்க பக்கத்துல பாத்தா அங்க ஆளே இல்ல. நான் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு வர்றேன். கத்தோணும்னு வாயைத் தொறந்தேன், சத்தம் வரல'ன்னா. சொல்லிட்டு அழுகறா.

அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. சைடு கண்ணாடியில ஒரு குச்சி வந்து அடிச்சுது. எவனோ வேலிக்குள்ள இருந்து வண்டி மேல குச்சி எறியறான்னு அன்னைக்கே ஸ்டாண்டுல வண்டி நேரம் குறிக்கற டைம் ஆபீசுல புகாரு எழுதிக் குடுத்தேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அவன் கையில இருந்த கொடிக் குச்சிங்க அது.

படம் இன்னும் ஓடுச்சு. அதுக்கப்பால நாப்பதடி, ரோட்டுல பாதியத் தோண்டிப் போட்டிருக்கறாங்க. தகர டிரம்மைப் பாத்து நான் பிரேக்கை மிதிச்சிருக்கறேன். மிதிச்சும் ஒரு தார்ச்சட்டி முன்சக்கரத்துக்கு அடியில போகுது, வண்டி ஏறி எறங்குது. சட்டி நசுங்கற சத்தம் கேக்குது, அன்னைக்கு நான் மேடு பள்ளம்னு நெனச்சுப் போயிட்டேன். மம்மட்டி கெடக்குது, ஒரு பொம்பளை செருப்பு கெடக்குது. சட்டி தூக்கற பொம்பளைங்க அஞ்சாறு பேரு அக்கட்ட புளியமரத்தடியில உக்காந்து டீ குடிக்கறாங்க. எல்லாரும் வாயைத் தொறந்தபடி எங்க வண்டியவே பாக்கறாங்க. அவங்க டீ குடிக்கற நேரம் அது. வேற ஒண்ணுமில்ல, டீ குடிக்கற நேரம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அவகிட்ட? 'கொடி புடிக்கறவன் வேலிக்குள்ள போயி நின்னா எவனுக்குத் தெரியும், நடு ரோட்டுல நிக்கோணும்'னேன். இப்பவும் சொல்றேன், அவன் நின்ன எடம் தப்புத்தான். தப்புத்தானுங்களே?

ம்.

அவ மூக்கைத் தொடச்சுக்கிட்டு உள்ள போயி ஒரு சீட்டைக் கொண்டாந்து குடுத்தா. இந்தா, சட்டைப்பையில இருக்குது பாருங்க. பக்கத்துக்குப் பக்கம் நம்பரு. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா. 'நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா, சத்தியமா. சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லோணும்'னா. எனக்கு அந்தச் சீட்டு இப்ப மனப்பாடம். நாளைக்கு எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் சொல்லிருவேன். பாஸ் ஆயிருவேன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

அதான் பயமா இருக்குது.

ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம் என்னால ஓட்ட முடியலைங்க. எந்த வேலியப் பாத்தாலும் அதுல ஆளு நிக்கறாப்பல இருக்குது. புளியமரத்தைப் பாத்தாப் பிரேக்கு மேல காலு போகுது. நாலு நாளா டைமிங் போச்சு, பின்னால வர்ற வண்டிக்காரன் ஆரன் அடிச்சே காதைச் செவிடாக்கறான். ரங்கன், 'ஏன்ணா, கட்டை வண்டி ஓட்டறியா'ங்கறான். இருபத்திரெண்டு வருசத்தை ஒக்காந்து யோசிக்கறேன். எத்தனை வளைவு, எத்தனை வேலி. எத்தனை பேரு குழியில குதிச்சுத் தப்பிச்சாங்களோ, நான் பாட்டுக்குப் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போயிருக்கறேன். ஒரு கோழிகூட அடிபட்டதில்லைன்னு சொன்னேன்ல. எனக்குத் தெரிஞ்சு அடிபட்டதில்ல, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தம்பிங்களா, படியில நிக்காதீங்க, உள்ள போங்க. காலேசுப் பசங்க, காதுல மாட்டிக்கிட்டானுங்கன்னா ஒண்ணும் கேக்காது.

இன்னைக்குக் காத்தால நடந்ததைச் சொல்லிர்றேன், நேரமாச்சு. ஏழு நாப்பது டிரிப்பு. வியாழக்கெழமையானா அக்கா சந்தைக்கு வருவா. பத்து வருசமா என்ற வண்டிதான், வேற வண்டியில ஏற மாட்டா. அவ வர நேரமானா நான் ஆரன் அடிச்சுக்கிட்டு நிப்பேன், உள்ள இருக்கறவங்க முணுமுணுப்பாங்க, நான் காதுலயே போட்டுக்க மாட்டேன். இன்னைக்கு ஸ்டாப்புல பையோட நின்னுக்கிட்டிருந்தா. நிறுத்தினேன். எல்லாரும் ஏறுனாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒரு பத்து ஏறுச்சு. அக்கா ஏறல. 'ஏறுக்கா'ன்னேன். 'நீ போ சாமி, நான் பின்னால வர்ற வண்டியில வர்றேன்'னா. என்ற மூஞ்சியப் பாக்கல. சக்கரத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா.

பிரதீபா சொல்லிட்டான்னு நெனச்சுப் போனைப் போட்டுக் கத்துனேன். 'நான் ஒரு வார்த்தை சொல்லல மாமா. நேத்து என்ற போனை எடுத்து அம்மாவே அந்தப் படத்தைப் பாத்துட்டாங்க'ன்னா. பாத்தா என்னங்க? கூடப் பொறந்தவ. நான் மொத மொத ஸ்டேரிங்கு புடிச்ச அன்னைக்கு எலுமிச்சம்பழம் வெச்சு வண்டிய எடுக்க வெச்சவ. அவளே ஏற மாட்டேன்னா நான் எங்க போயி மூஞ்சியக் காட்டறது? நீங்களே சொல்லுங்க, அவ பண்ணினது சரியா?

எதுக்குங்க வாசப்படியவே பாக்கறீங்க?

ஒண்ணுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. அவ ஏறல, சரி. அந்தப் புள்ளைங்க ஏறுறப்ப அவ பாத்துக்கிட்டுத்தான நின்னா. அதுல ஒண்ணு அவ பக்கத்து வீட்டுப் புள்ள, அவ கையில சோறு தின்னு வளந்தது. அதைக்கூடக் கையப் புடிச்சு நிறுத்தல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிரும், தம்பி பொழப்புப் போயிரும்னு, அவ மட்டும் நின்னுக்கிட்டா. என்னைக் காட்டிக் குடுக்கல அவ. காட்டிக் குடுக்காம இருக்கறதுக்கு அந்தப் புள்ளைங்களை... 

என்னமோ சொல்ல வந்தேன், மறந்து போச்சு.

அந்தா ரங்கன் வந்துட்டான். ஏறுடா, எடுக்கலாம்.

என்னங்க, பையை எடுக்கறீங்க? காங்கேயத்துக்கு இதாங்க வண்டி. அடுத்தது ஒண்ணேகால் மணி நேரங் கழிச்சுத்தான், அதுவரைக்கும் வெயில்ல நிக்கோணும். உக்காருங்க. மெதுவாத்தான் போவேன். வேணும்னா நீங்க பேனட்டு மேல உக்காந்துக்கங்க, ஏதாச்சும் தெரிஞ்சா என்ற தோளைத் தட்டுங்க. தட்டினா நிறுத்திர்றேன்.

இறங்கறீங்களா.

நீங்களும் சத்தமில்லாமத்தான் இறங்கறீங்க. ஒருக்காத் திரும்பிப் பின்னால பாருங்க. அந்தம்மா மடியில கொழந்தை தூங்கிருச்சு. இந்தப் பசங்க போனைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருக்கறானுங்க. ஐம்பது பேரு இருப்பாங்க. நான் நல்லா ஓட்டுவேன்னு உக்காந்திருக்கறாங்க.

ரங்கா, விசிலடிக்காத. சாவிய இந்தா, கையில வெச்சுக்க. ஒண்ணும் கேக்காத, நான் டைம் ஆபீசு வரைக்கும் போயிட்டு வர்றேன். வேற ஆளைப் போட்டு எடுக்கச் சொல்லு.

ஏனுங்க, நில்லுங்க. ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்த ஆபீசு வாசப்படி வரைக்கும் என்றகூட வாங்க. தனியாப் போனாப் பாதியிலயே திரும்பி வந்து வண்டிய எடுத்துருவேன்.